ஏழாம் அத்தியாயம்: பட்டம் முடிக்காமல் வைத்திய பீடத்துக்கு

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மேல் பிரிவிலிருந்து ஒரு பிள்ளை தன் அம்மாவோடு என் வீட்டுக்கு வந்திருந்தாள். உயர்தரத்தில் பயோ படித்தவள். முதல் தடவையிலேயே விவசாயப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பதிவுக்கான கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழை படாமல் கொண்டுவந்திருந்தாள்.

"சேர், கனடாவுல இருக்கிற மாமா மகன் சொல்றாரு, டொக்டருக்குப் படிக்கணும்னா மொதல்ல ஒரு டிகிரி முடிக்கணுமாம். அப்ப இந்த நாலு வருசத்த முடிச்சிட்டு அதுக்குப் போடலாந்தானே?"

"இல்ல மகள். அது அவரு இருக்கிற ஊரு வழக்கம். நம்ம நாட்டுல டிகிரிய முடிச்சவங்களுக்கு அந்தக் கதவு தொறக்காது. ஏ எல்தான் கதவு."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. கடிதத்தில் இருந்த பதிவு நாளுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

இரசாயனவியல் ஆசிரியராக நான் பதுளைப் பக்கத்தில் இருந்த காலம் முழுவதும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருந்தது. பட்டம் முடித்த பிறகு மருத்துவம் படிக்கலாமா? பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி எழுதலாமா? கெம்பசில் பதிந்துவிட்டால் எல்லாம் போய்விடுமா? சரியான பதில் சரியான வாரத்தில் கிடைக்காததால் இடத்தை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். இந்த அத்தியாயத்தை எழுதுவது அவர்களை நினைத்துத்தான்.

கனடாக்காரர் சொன்னது எங்கிருந்து வந்தது

மாமா மகன் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1893 இல் தொடங்கிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, பட்டம் பெற்றவர்களே உள்ளே வரலாம் என்று விதி வைத்தது. கல்லூரிக் கல்வி இல்லாதவர்களை மருத்துவம் படிக்க விடக்கூடாது என்று 1910 இல் வெளிவந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை வற்புறுத்தியது. அந்த வழக்கம் வட அமெரிக்கா முழுவதும் வேரூன்றிவிட்டது. அங்கேகூட, பட்டம் முழுதாக முடியாமல் மூன்று வருடம் படித்தவர்களை ஏற்கும் மருத்துவக் கல்லூரிகள் சில உண்டு. யூடியூபில் நம் பிள்ளைகள் பார்க்கும் காணொளிகளில் அந்தச் சிலவற்றைப் பற்றியவையும் உண்டு. அவற்றைப் பார்த்து நம் வழியைத் தீர்மானிக்கக் கூடாது.

நம்முடைய வழி பிரித்தானிய வழி. பாடசாலையை முடித்த பிள்ளை நேரே மருத்துவத்துக்குப் போகிறது. கொழும்பு மருத்துவப் பாடசாலை 1870 இல் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். அதற்கும் முன்பு, மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்துப் பையன்களை எடுத்து மருத்துவம் கற்பித்தார். 1860களில் அதைத் தமிழிலேயே கற்பித்தார், ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். பட்டம் எங்கே என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. இந்தியாவிலும் பன்னிரண்டாம் வகுப்போடு நீட் எழுதி எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் போகிறார்கள்.

ஆகவே இலங்கையில் பட்டம் இல்லாமல் மருத்துவம் படிப்பது குறுக்குவழி இல்லை, அதுவே நேர்வழி. அரச மருத்துவ பீடங்களில் பட்டதாரிக்கென்று தனி வாசல் கிடையாது. விவசாயப் பட்டமோ விஞ்ஞானப் பட்டமோ முதல் வகுப்பில் முடித்தாலும் எம்.பி.பி.எஸ். அனுமதிக்கு அது ஒரு புள்ளியும் சேர்க்காது. பார்க்கப்படுவது உயர்தரப் பெறுபேறு ஒன்றுதான்.

உயர்தரத்தில் எதை வைத்து எடுக்கிறார்கள்

உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். போன வருடத்து இரசாயனவியலையும் இந்த வருடத்துப் பௌதிகவியலையும் ஒட்ட முடியாது. எல்லாப் பிரிவினரும் எழுதும் பொது வினாத்தாளில் குறைந்தது 30 புள்ளி எடுத்திருக்க வேண்டும். அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. மூன்று பாடத்தையும் நன்றாக எழுதிவிட்டு அதைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். இந்த மூன்றைக் கைக்காசு போல எண்ணிச் செலவழிக்க வேண்டும். "சும்மா ஒருக்கா எழுதிப் பார்ப்பம்" என்று பாதிப் பாடத்திட்டத்தோடு போய் உட்காருவதும் ஒரு தடவைதான்.

அடுத்தது இசட் புள்ளி. 2001 முதல் அனுமதி இதை வைத்தே நடக்கிறது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியையும் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படிக் கண்டு, சராசரி எடுத்து, நான்கு தசம தானத்தில் தருவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பாடத்தின் சராசரி 45, நியம விலகல் 15 என்று வையுங்கள். 75 எடுத்தவருக்கு இசட் 2. இன்னொரு பாடத்தின் சராசரி 55, நியம விலகல் 16 என்றால் அதே 75க்கு 1.25 தான். இரண்டும் ஏ. பெறுபேற்றுத் தாளில் இரண்டும் ஒரேமாதிரி இருக்கும், அனுமதியில் பெரிய வித்தியாசம் இருக்கும். மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்காமல், இரண்டு ஏ ஒரு பி எடுத்த பிள்ளைக்குக் கிடைத்ததைப் பார்த்து நம் பெற்றோர் அநியாயம் என்று சொல்வார்கள். கணக்கு இதுதான். நாடு முழுவதும் தடுமாறுகிற பாடத்தில் நீங்கள் நிமிர்ந்து நின்றால் அந்தப் பாடம் உங்களைத் தூக்கிவிடும். நம் பிள்ளைகள் பயப்படும் பௌதிகவியலுக்குக் காலை நேரத்தைக் கொடுங்கள் என்று நான் சொல்லிவந்ததற்குக் காரணமும் இதுவே.

பதுளை மாவட்டம் என்பது உங்களுக்கு என்ன தருகிறது

இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். நம் பிள்ளைகள் அதிகம் இழப்பது இங்கேதான்.

மருத்துவ இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படும். அந்தப் 16 இல் பதுளையும் இருக்கிறது, மொனராகலையும் இருக்கிறது, பக்கத்து நுவரெலியாவும் இருக்கிறது. அதனால் பதுளை மாவட்டத்துக்கு மூன்று வழியாலும் இடம் வரும். கொழும்பு மாவட்டப் பிள்ளைக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு இது.

உங்கள் மாவட்டம் எது என்பதை அடையாள அட்டையில் உள்ள விலாசம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் நீங்கள் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். ஓ எல் முடிந்ததும் கண்டியிலோ கொழும்பிலோ பெரிய பாடசாலை கிடைக்கிறது என்று போகிற பிள்ளை தன் மாவட்டத்தையும் அங்கே கொண்டுபோய்விடலாம். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர் இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு மாவட்ட ஒதுக்கீட்டை மட்டும் நம்பி என்ன பயன்? ஆனால் கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலில் மாவட்டத்தைத் தீர்மானிக்கும் பகுதியை அதிபரோடு உட்கார்ந்து வாசித்துவிட்டு இடமாற்றப் பத்திரம் கேளுங்கள். பாடசாலையைப் பதுளை மாவட்டத்துக்குள் வைத்துக்கொண்டு, விடுமுறையில் ஹட்டனுக்கோ கண்டிக்கோ வகுப்புக்குப் போய்வருவது பல பிள்ளைகளுக்கு ஒத்துவந்திருக்கிறது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒதுக்கீடு மாவட்டத்துக்குத்தான், தோட்டத்துக்கு இல்லை. பதுளை நகரத்திலும் பண்டாரவளையிலும் வசதியோடு படிக்கும் சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரோடும் ஒரே பட்டியலில் நின்றுதான் நமுனுகுல மலைச்சரிவு லயத்துப் பிள்ளை போட்டியிட வேண்டும். 1970களில் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது மலையகத்துக்கு அது பெரிய கதவாகியிருக்க வேண்டும். ஆனால் அன்று நம்மில் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து நின்றார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே அந்தப் பத்தாண்டில்தான். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளைகளே அபூர்வம். நம் மாவட்டத்துக்கு வந்த இடங்களில் நம் பிள்ளைகள் உட்காரவில்லை.

தமிழ்நாட்டில் 2020 இல், நீட் எழுதிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 வீத உள் ஒதுக்கீடு சட்டமாக வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் போட்டி சமமாக இல்லை என்பதை ஓர் அரசு ஒத்துக்கொண்டதன் அடையாளம் அது. மாவட்டத்துக்குள்ளேயே தோட்டப் பாடசாலைகளுக்கு ஒரு பங்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை நம் பிள்ளை நகரத்துப் பட்டியலில்தான் ஏற வேண்டும்.

கெம்பஸ் கடிதம் கையில் இருக்கும்போது

ஸ்பிரிங்வெளிப் பிள்ளையின் நிலைக்கு வருகிறேன். வேறொரு பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. மனம் மருத்துவத்தில். என்ன செய்வது?

கையெழுத்துப் போடுவதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலை எடுங்கள். ஏற்கெனவே பதிவு செய்த மாணவர் மறுபடி அனுமதி கேட்பதைப் பற்றி அதில் தனிப் பகுதி இருக்கிறது. பதிவு செய்துகொண்டே அடுத்த தடவை எழுதலாமா, புது இடம் கிடைத்தால் பழைய பதிவை எந்த நாளுக்குள் நீக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். விதிகள் வருடத்துக்கு வருடம் திருத்தப்படுகின்றன. போன வருடம் அண்ணன் செய்ததை இந்த வருடம் தங்கை செய்தால் சரியாகும் என்று எண்ண வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் யாரோ சொன்னது பிறகு உதவாது.

அதன் பிறகு, எத்தனை தடவை எழுதிவிட்டீர்கள் என்று எண்ணுங்கள். முதல் தடவையோடு நிற்கிற பிள்ளைக்கு இன்னும் இரண்டு இருக்கிறது. மூன்றாவது தடவையும் முடிந்த பிள்ளைக்கு அரச மருத்துவ பீடத்தின் கதவு மூடிவிட்டது. அந்தப் பிள்ளை கிடைத்த பட்டப்படிப்பில் உடனே பதிந்து, மனதையும் அங்கே கொண்டுபோக வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லிவிடுவேன்.

இரண்டாம், மூன்றாம் தடவை மிச்சம் இருக்கிறவர்களுக்கு என் அளவுகோல் ஒன்று உண்டு. இது விதி இல்லை, பல வருடம் பார்த்துப் பழகியது. உங்கள் இசட் புள்ளியையும், கடந்த இரண்டு மூன்று வருடங்களில் பதுளை மாவட்டத்துக்கு மருத்துவத்தின் வெட்டுப்புள்ளி என்னவாக இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி 0.2க்குள் என்றால் மறுபடி எழுதுங்கள். ஒரு பாடத்தைத் தூக்கினாலே அது நிரம்பிவிடும். அரைப் புள்ளியைத் தாண்டினால், அடுத்த வருடம் எதை மாற்றிப் படிக்கப் போகிறீர்கள் என்று சொல்ல முடியுமா என்று கேட்பேன். "இன்னும் நல்லாப் படிப்பேன் சேர்" என்பது பதில் இல்லை. புது ஆசிரியர், புது வகுப்பு, காய்ச்சலில் கெட்டுப்போன வினாத்தாள் என்று சுட்டிக்காட்டத்தக்க காரணம் ஏதாவது இருக்க வேண்டும். அது இல்லாமல் எழுதினால் போன தடவை வந்த இடத்திலேயே வந்து நிற்பீர்கள். வெட்டுப்புள்ளியும் நின்ற இடத்தில் நிற்காது.

கெம்பசில் இருந்துகொண்டே மறுபடி எழுதுவது கேட்கச் சுலபமாக இருக்கும். முதலாம் வருட விரிவுரை, ஆய்வுகூடம், விடுதி, புது ஆட்கள், இதற்கு நடுவே தமிழில் உயர்தர உயிரியல். இரண்டு படகிலும் கால் வைத்தவர்களில் இரண்டிலும் வழுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். விதி இடம் கொடுத்து, அந்த வழியில் போவதென்றால், விடுதி அறையில் இல்லாமல் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ தொடர்ச்சியாக மூன்று மாதமாவது படிக்க இடம் பிடியுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. ஒரு வருடம் வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளையைக் கொழுந்துக்குக் கூப்பிடாதீர்கள். "சும்மாதானே இருக்கா, ஒரு அரைப்பேராவது போடட்டும்" என்று அக்கம்பக்கம் சொல்லும். அந்த அரைநாள் சம்பளக் காசை விட அந்தக் காலை நேரம் பெரிது. வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இதை எழுதவில்லை, நானும் லயத்தில் பிறந்தவன்தான்.

ஸ்பிரிங்வெளிப் பிள்ளையின் இடைவெளி 0.14. இரண்டு நாள் கைநூலோடு உட்கார்ந்தோம். அவள் என்ன முடிவெடுத்தாள் என்பது அவள் வீட்டு விஷயம். ஆனால் கடைசி நாளில் அவசரமாகக் கையெழுத்துப் போடாமல், என்ன செய்கிறோம் என்று தெரிந்து முடிவெடுத்தாள்.

மலையில் இருந்து படிப்பது

தமிழ் மொழிமூலம் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்பிக்க ஆசிரியர் போதாமை ஊவா மாகாணத்தின் பழைய நோய். ஒரு பாடசாலையில் பயோ பிரிவு திறக்கப்படும், ஒரு வருடத்தில் ஆசிரியர் மாறிப் போவார், பிள்ளைகள் கலைப்பிரிவுக்குத் தள்ளப்படுவார்கள். ஓ எல் பெறுபேறு வந்ததும், எந்தப் பாடசாலையில் மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் இப்போது இருக்கிறார் என்று நேரில் போய்க் கேளுங்கள். பதுளை, பண்டாரவளை, பசறை, ஹாலிஎல என்று பஸ்ஸில் போய்வரக்கூடிய இடம் எல்லாவற்றிலும் கேளுங்கள். பாடசாலையின் பெயரை விட இந்தக் கேள்வி முக்கியம்.

ஸூம் வகுப்புகள் வந்தது நம் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் கற்பிப்பதை இன்று ஸ்பிரிங்வெளியில் இருந்து கேட்கலாம், சிக்னல் இருந்தால். லயத்துக்குள் சிக்னல் வராத பிரிவுகளில் பிள்ளைகள் கோயிலடிக்கும் மேட்டுக்கும் ஏறுகிறார்கள். மழைக்காலத்தில், அட்டைக்கு நடுவில், இருட்டில் அது ஆபத்து. பதிவு செய்த காணொளியை நகரத்தில் தரவிறக்கிக்கொண்டு வீட்டில் பார்ப்பது நல்லது. தோட்டத்து வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஓர் இணைய இணைப்பு எடுத்துக்கொடுத்தால் பத்துப் பிள்ளைகள் பயன்பெறும். வேலைக்காகக் கொழும்பில் இருக்கும் நம் இளைஞர்களிடம் இதைக் கேட்கிறேன்.

கடந்தகால வினாத்தாள்களைப் பத்து வருடத்துக்குக் குறையாமல் செய்யுங்கள். உயிரியலில் முதலாம் வினாத்தாள் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். அமைப்புக் கட்டுரையில் நம் பிள்ளைகள் தெரிந்ததை எல்லாம் எழுதி நேரத்தை இழக்கிறார்கள். பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளி வழங்கும் திட்டத்தை எடுத்துப் பாருங்கள், எந்தச் சொல்லுக்குப் புள்ளி என்று தெரியும்.

மருத்துவ பீடத்தில் படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் கடினம், அதன் பிறகு பழகிவிடும். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். சிங்களமும் படியுங்கள், வார்டில் நோயாளியோடு பேச அது வேண்டும்.

காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்து. தோட்டத்தில் இது சாதாரணம். அந்தக் காலத்தில் பெயரை எழுதியவர் தமிழ் தெரியாதவராக இருந்திருப்பார். பெறுபேறு வந்த பிறகு திருத்த ஓடாதீர்கள். பதினோராம் ஆண்டிலேயே மூன்றையும் மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்த விண்ணப்பம் கொடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கும்.

அடுத்தது விலாசம். லயத்து வீட்டுக்கு இலக்கம் இல்லை, கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். என் வகுப்புப் பையன் ஒருவனுடைய பதிவுக் கடிதம் ஒரு தோட்ட ஆபீஸ் மேசையில் பன்னிரண்டு நாள் கிடந்தது. அவன் கையில் வந்தபோது பதிவு நாள் முடிந்திருந்தது. அலைந்து திரிந்து ஒரு வழி செய்தோம், எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். நீங்களே திறக்கக்கூடிய மின்னஞ்சலையும், மாற்றப்போகாத தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். தொடர்பாடல் நிலையத்துக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தபால் விலாசத்துக்கு நகரத்தில் உள்ள நம்பிக்கையான உறவினர் வீடு நல்லது.

விருப்பத் தெரிவு நிரப்பும்போது, யூனிகோட் என்று கைநூல் சொல்லும் குறியீடு ஒவ்வொன்றும் ஒரு படிப்பையும் ஒரு பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் குறிக்கும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், காலியில் உள்ள ருகுண, ராகமையில் உள்ள களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர, மட்டக்களப்பில் உள்ள கிழக்கு, அனுராதபுரத்தில் உள்ள ரஜரட்ட, சப்ரகமுவ, வயம்ப, மொறட்டுவ என மருத்துவ பீடங்கள் பரந்து கிடக்கின்றன. அந்த வருடப் பட்டியலில் மருத்துவம் என்று உள்ள எல்லாவற்றையும் முதலில் வரிசையாகப் போடுங்கள். "அனுராதபுரம் தூரம், பொம்பளப் பிள்ளைய அனுப்ப ஏலாது" என்று ஒரு குறியீட்டை விட்டுவிட்ட அப்பா பிறகு என் முன்னால் அழுதார். எந்தப் பீடத்தில் படித்தாலும் இலங்கை மருத்துவச் சபையின் பதிவு ஒன்றுதான்.

மருத்துவத்துக்குக் கீழே பல் மருத்துவம், பேராதனையில் மிருக வைத்தியம், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம், தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூடத் தொழில்நுட்பம் என்று போடலாம். உண்மையிலேயே படிக்க விரும்புவதை மட்டும் போடுங்கள். போட்டது கிடைத்தால் அதுதான் உங்கள் இடம்.

வெளிநாட்டு முகவர்கள்

பதுளை பஸ் நிலையச் சுவர்களில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். பட்டம் வேண்டாம், இசட் புள்ளி வேண்டாம், காசு கட்டினால் டொக்டர். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து.

வெளிநாட்டில் படித்துவந்து இங்கே வேலை செய்ய, அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவச் சபையின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். உயர்தரத்தில் குறைந்தது இரண்டு சி, ஒரு எஸ் வேண்டும் என்று 2018 இல் வர்த்தமானி விதிகள் வந்துவிட்டன. திரும்பி வந்த பிறகு ஈ.ஆர்.பி.எம். என்ற பரீட்சையில் சித்தியடைய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கையில் இருப்பது வெறும் சான்றிதழ். முகவர் காட்டும் கடிதத்தை நம்பாமல், முன்பணம் கொடுப்பதற்கு முன் மருத்துவச் சபையிடம் நேரில் கேளுங்கள்.

உள்நாட்டிலும் பாடம் இருக்கிறது. மாலபேயில் நடந்த சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரிப் பிரச்சினை வருடக்கணக்கில் இழுபட்டது. 2017 இல் அதை மூடும் முடிவு வந்து, மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். இலட்சக்கணக்கில் கட்டிய பெற்றோர் அந்த வருடங்களில் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இந்திய அரசு நம் மாணவர்களுக்குத் தரும் புலமைப்பரிசில்கள் நல்லவை, ஆனால் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு அவை பொருந்துவதில்லை. "இந்தியாவுல ஸ்கொலர்ஷிப்ல டொக்டர் சீட்" என்று யாராவது காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வாருங்கள். ஈ.பி.எஃப். காசையும் தோடு, சங்கிலியையும் முகவர் கையில் வைத்த குடும்பங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளி குடும்பம் கடன் வாங்கி வெளிநாட்டு மருத்துவம் படிப்பிப்பதை நான் ஆதரிக்கவில்லை.

அரச பீடத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. சாப்பாடு, புத்தகம், விடுதிச் செலவுக்கு மகாபொல புலமைப்பரிசிலும் பல்கலைக்கழக உதவிப்பணமும் இருக்கின்றன. பெற்றோரின் வருமானச் சான்றிதழைக் கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட ஆபீசிலும் நேரத்தோடு எடுங்கள். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக வழங்கப்படும் கல்வி நிதியமும் உண்டு. அதற்கும் விண்ணப்பியுங்கள். ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. அந்தப் பயிற்சியிலிருந்து சம்பளம் வரத் தொடங்கும்.

இந்த வருடம் எழுதி முடித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் குறிப்புக் கொப்பிகளையும் வினாத்தாள் தொகுப்புகளையும் பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துப் போடாதீர்கள். உங்கள் பிரிவில் அடுத்ததாகப் பயோ எடுக்கப்போகிற பிள்ளை யார் என்று விசாரித்து, லயத்துக்குப் போய்க் கையில் கொடுங்கள். எத்தனை தடவை எழுதினீர்கள், உங்கள் இசட் புள்ளி எவ்வளவு என்பதையும் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.